மூன்றாவது கம்பி: கோஆக்சியல் கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் காமன் மோட் மின்னோட்டம்

1. சிக்கல்

மொட்டை மாடிக் கம்பத்தில், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய தலைகீழ் ‘வி’ டைபோல். அதன் நடுவிலிருந்து 50 ஓம் கோஆக்சியல் கேபிள் அறைக்கு இறங்குகிறது. நிலையலை விகிதம் 1.3. எல்லாம் சரி என்கிறது மீட்டர். ஆனால் 100 வாட்டில் பேசத் தொடங்கினால் மைக்கின் உலோக வலை உதட்டைச் சுருக்கென்று சுடுகிறது. கணினியின் மவுஸ் நின்றுவிடுகிறது. கேட்கும்போது இன்னும் மோசம்: வீட்டில் ஒரு எல்இடி விளக்கைப் போட்டாலே தொலைதூர நிலையத்தின் மெல்லிய மோர்ஸ் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. நான் இரண்டு வாரம் டைபோலின் நுனிகளை வெட்டியும் நீட்டியும் பார்த்தேன். கோளாறு கேபிளில் இருந்தது.

2. மின்னோட்டம் வெளியேறும் இடம்

உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது இறங்கும் ஆழம் சுமார் 0.025 மில்லிமீட்டர்தான். ஆகவே கேபிளின் பின்னல் கவசம் ஒரே உலோகமானாலும் அதன் உட்புறமும் வெளிப்புறமும் இரு தனிக் கம்பிகள். நடுக்கம்பியிலும் கவசத்தின் உட்புறத்திலும் சமமாக, எதிரெதிராக ஓடும் மின்னோட்டம் கேபிளின் மேல்முனையை அடைகிறது. அங்கே உட்புற மின்னோட்டத்துக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன: டைபோலின் ஒரு கை, கவசத்தின் வெளிப்புறம். எந்த வழியில் எதிர்ப்பு குறைவோ அதில் கூடுதலாக ஓடும். வெளிப்புறம் அப்போது ஆன்டெனாவின் மூன்றாவது கம்பியாகிறது. அதில் ஓடுவதே காமன் மோட் மின்னோட்டம். அனுப்பும்போது அலையை அறைக்குக் கொண்டுவருகிறது. வாங்கும்போது வீட்டின் மின் இரைச்சலை மேலே ஏற்றுகிறது. நிலையலை விகித மீட்டர் கேபிளுக்குள் நடப்பதை மட்டுமே அளக்கும். வெளிப்புற மின்னோட்டத்தை அது காட்டாது.

3. கேபிளின் நீளம்

7.1 மெகாஹெர்ட்ஸின் அரையலை நீளம் சுமார் 21 மீட்டர். மேல்முனையிலிருந்து எர்த் வரையுள்ள பாதை அந்த நீளத்தை ஒட்டியிருந்தால், மேலே அதன் மின்னெதிர்ப்பு மிகக் குறைந்துவிடும். மின்னோட்டம் தாராளமாக இறங்கும். கால் அலை, அதாவது பத்தரை மீட்டர் என்றால் நேர்மாறு. இங்கே கேபிளின் திசைவேகக் காரணியான 0.66-ஐப் போட்டுக் கணக்கிடுவது பலர் செய்யும் தவறு. வெளிப்புற அலை காற்றில் செல்கிறது. அது உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கைப் பார்ப்பதே இல்லை. கேபிளில் சில மீட்டர் கூட்டியதும் மைக் சுடுவது நின்றால், அந்த ஓர் அலைவரிசைக்குத்தான் தீர்வு கிடைத்திருக்கிறது.

4. சோக்: மின்தடையே தேவை

1944-இல் பொறியாளர் குவானெல்லா, மின்கடத்தி இணையைச் சுருளாகச் சுற்றி காமன் மோட் மின்னோட்டத்தைத் தடுக்கும் வழியை வெளியிட்டார்; இப்படித் தடுப்பதே சோக். 1983-இல் பொறியாளர் வால்டர் மேக்ஸ்வெல் கேபிளின் மேல் ஐம்பது ஃபெரைட் மணிகளைக் கோத்தார். இன்று ஃபெரைட் வளையத்தில் கேபிளையே சுற்றுகிறோம்.

கேபிளை வெறும் சுருளாகச் சுற்றிக் கட்டுவது எளிது; ஆனால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. அதனிடம் இருப்பது பெரும்பாலும் மின்மறுப்பு (ரியாக்டன்ஸ்). கேபிளின் வெளிப்புறப் பாதை 500 ஓம் மின்தேக்கித் தன்மையுடன் இருந்து, சுருள் 500 ஓம் மின்தூண்டல் தன்மையுடன் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். சோக் இல்லாதபோது ஓடியதைவிட அதிக மின்னோட்டம் ஓடும். மின்தடையை அப்படி எதனாலும் அழிக்க முடியாது. 31 வகை ஃபெரைட் சிற்றலை அலைவரிசைகளில் தருவது பெரும்பாலும் மின்தடையே. 61 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தில் மெல்லிய கேபிளைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் 7 மெகாஹெர்ட்ஸில் சில ஆயிரம் ஓம் கிடைக்கும். நுரை மின்காப்புள்ள கேபிளை இறுக்கி வளைக்கக்கூடாது. நடுக்கம்பி மெல்ல நகர்ந்துவிடும்.

மின்தடை என்றால் வளையம் சூடாகுமே என்ற அச்சம் நியாயமானது. 100 வாட்டில், 50 ஓம் டைபோலின் நடுவில் சுமார் 70 வோல்ட். சோக்கின் மேல் அதில் பாதி, 35 வோல்ட் விழுவதாகக் கொள்வோம். சோக் 500 ஓம் என்றால் இரண்டரை வாட் வெப்பம்; 5,000 ஓம் என்றால் கால் வாட்தான். சூடாகும் சோக்குக்கு இன்னும் கூடுதல் ஓம் வேண்டும். முனையில் ஊட்டும் ஆன்டெனாவில் வோல்ட் பன்மடங்கு கூடும். இந்தக் கணக்கை அங்கே அப்படியே கொண்டுபோகக்கூடாது.

5. அளந்து பார்த்தல்

இரண்டாகத் திறக்கும் ஃபெரைட் வளையம், அதில் பத்துச் சுற்று மெல்லிய கம்பி, ஒரு ஜெர்மானியம் டையோடு, பழைய முள் மீட்டர். இவை போதும். வளையத்தைக் கேபிளின் மேல் கவ்வினால், உள்ளே ஓடும் சமமான எதிரெதிர் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முள்ளை அசைப்பது வெளிப்புற மின்னோட்டம் மட்டுமே. டைபோலின் நடுவில் சோக் போட்டபின் அங்கே என் மீட்டரின் முள் அசையவில்லை. கேபிளோடு கீழே இறங்க இறங்க மீண்டும் எழுந்தது. கேபிள் டைபோலின் ஒரு கையை ஒட்டிச் சாய்வாக இறங்கியதால் அந்தக் கையிலிருந்து அலையைத் தூண்டலால் வாங்கிக்கொண்டிருந்தது. கம்பத்தோடு நேராக இறக்கிக் கட்டி, அறைக்குள் நுழையும் ஜன்னலருகே இரண்டாவது சோக்கைப் போட்டேன். எல்இடி விளக்கு எரிந்துகொண்டிருக்க, அந்த மோர்ஸ் தெளிவாகக் கேட்டது.