நிலக்கரிப் பள்ளத்தாக்குகளும் அங்கவீனர் தொழிலும்

அங்கவீனர் ஒருவர் தொழிலற்றிருப்பதற்கு அவருடைய ஊனமே காரணம் என்பது பரவலாக நிலவும் கருத்தாகும். அக்கருத்து சரியாயின், ஒரே தன்மையான ஊனமுற்றோர் ஒரு நாட்டின் எப்பகுதியில் வாழ்ந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில் தொழில் பெற்றிருத்தல் வேண்டும். வரலாறு இதனை மறுக்கின்றது. பிரித்தானியாவின், சிறப்பாகத் தென் வேல்ஸ் நிலக்கரிப் பிரதேசத்தின், அநுபவத்தை ஆராயுமிடத்து இவ்வுண்மையை நாம் தெளிவாகக் காணலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்கள் படைக்குச் சென்றனர். தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். அதுவரை வேலைக்கு உதவாதோர் என ஒதுக்கப்பட்டிருந்த அங்கவீனர் பலர் இயந்திரங்களின் முன் அமர்த்தப்பட்டனர். அவர்களின் உடல்நிலை மாறிவிடவில்லை. உழைப்புக்கு இருந்த தேவையே மாறியிருந்தது. இந்தச் சூழ்நிலையிலேயே ஜோர்ஜ் டொம்லின்சன் தலைமையிலான குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஏர்னஸ்ட் பெவின் தொழில் மந்திரியாயிருந்த காலத்தில், 1944இல், அங்கவீனர் தொழிற் சட்டம் நிறைவேறிற்று. இருபது பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, அவர்களுள் நூற்றுக்கு 3 பேர் என்ற விகிதத்திற் பதிவுபெற்ற அங்கவீனரைக் கொண்டிருத்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது.

விதி முற்போக்கானதே. ஆயினும் அது நாடு முழுவதையும் ஒரே தராசில் நிறுத்தது. நூற்றுக்கு மூன்று என்னும் விகிதம் பலவகைத் தொழில்கள் செழித்த இலண்டனுக்கும் பேர்மிங்ஹாமுக்கும் பொருந்தலாம். சுரங்கமொன்றையே நம்பி வாழும் பள்ளத்தாக்கில், அச்சுரங்கமே மனிதரை அங்கவீனராக்கிக் கொண்டிருக்கும்போது, அவ்விகிதத்தால் என்ன பயன்?

தென் வேல்சின் நிலை இதுவாகவே இருந்தது. நிலக்கரித் தூசி நுரையீரலிற் படிந்து மூச்சை இறுக்கும் நிமோகோனியோசிஸ் நோய் பிரித்தானியாவின் ஏனைய சுரங்கப் பகுதிகளிலும் பார்க்க அங்கேயே கொடுமையாகப் பரவியிருந்தது. 1943ஆம் ஆண்டின் நட்டஈட்டுத் திட்டம் நோயாளிக்குப் பணம் வழங்கியது. கூடவே, நோய் உறுதிசெய்யப்பட்டவர் சுரங்கத் தொழிலை விட்டு விலகவும் வேண்டியதாயிற்று. விலகியவர் எங்கே போவார்? அதே நுரையீரலோடு இலண்டனில் வாழ்ந்தவருக்கு இலேசான வேலையொன்று கிடைக்க இடமிருந்தது. ரொண்டா பள்ளத்தாக்கில் வாழ்ந்தவருக்கு அத்தகைய வேலை மிக அரிதாகவே இருந்தது. நோய் ஒன்றே, வாழ்ந்த இடமே வேறு.

இதனை உணர்ந்த அரசு, தொழிலை மக்கள் இருக்குமிடத்துக்குக் கொண்டுசெல்ல முற்பட்டது. 1945இன் கைத்தொழிற் பரம்பற் சட்டம் நலிந்த பிரதேசங்களில் தொழிற்சாலைகளை நிறுவ வழிவகுத்தது. அங்கவீனருக்கென அரசு அமைத்த ரெம்ப்ளோய் நிறுவனத்தின் முதலாவது தொழிற்சாலை 1946இல் தென் வேல்சின் பிரிட்ஜெண்ட் நகரில் திறக்கப்பட்டது. அங்கே வேலை பெற்றோருள் முன்னாட் சுரங்கத் தொழிலாளரும் இருந்தனர்.

இம்முயற்சி நெடுங்காலம் உறுதியுடன் தொடரவில்லை. நூற்றுக்கு மூன்று என்னும் விதியை மீறிய முதலாளிகள்மீது வழக்குத் தொடரப்பட்டது மிக அரிது. 1984-85ஆம் ஆண்டுகளின் பெரும் வேலைநிறுத்தம் தோல்வியுற்ற பின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. அப்போராட்டம் தொடங்கியபோது ஏறத்தாழ 170 சுரங்கங்கள் இயங்கின. கடைசி ஆழ்சுரங்கம் 2015இல் யோர்க்ஷயரில் மூடப்பட்டது. தேய்ந்த முதுகும் கெட்ட நுரையீரலும் கொண்டோர் இயலாமைக் கொடுப்பனவில் வாழத் தலைப்பட்டனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேர்தர், ஈசிங்டன் போன்ற பழைய சுரங்கப் பகுதிகளில், உழைக்கும் வயதினருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் இக்கொடுப்பனவைப் பெற்றார். தென்கிழக்கின் வளமான மாவட்டங்களில் அத்தகையோர் இருபதில் ஒருவரிலும் குறைவு.

இவர்களைச் சோம்பேறிகள் என ஏசிய பத்திரிகைகள் உண்டு. கிறிஸ்டினா பீற்றி, ஸ்ரீவ் பொதர்கில் என்னும் ஆய்வாளர்கள் வேறு விளக்கம் தந்தனர். இவர்களின் நோய் உண்மையானது. ஆயினும் வேலை நிறைந்த பிரதேசமாயின் இவர்களுட் பலர் தொழிலிலேயே இருந்திருப்பர். ஆகவே இது மறைந்து கிடக்கும் தொழிலின்மை என்பதே அவர்கள் முடிபு.

1995ஆம் ஆண்டுச் சட்டம் பழைய விகித முறையை நீக்கி, பாரபட்சத்துக்கு எதிராக வழக்காடும் உரிமையை வழங்கியது. அவ்வுரிமை பெறுமதியானதே. ஆனால், மறுக்கப்படுவதற்கேனும் வேலையொன்று ஊரில் இருத்தல் வேண்டுமன்றோ? ரெம்ப்ளோய் தொழிற்சாலைகள் 2008இலும் பின்னர் 2012, 2013ஆம் ஆண்டுகளிலும் மூடப்பட்டன. அங்கவீனரைத் தனியே பிரித்து வைக்கும் தொழிற்சாலைகள் வேண்டாம் என்ற வாதம் அங்கவீனர் இயக்கத்தினுள்ளேயே எழுந்ததுண்டு. அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் அபர்டேர், மேர்தர் போன்ற நகர்களில் மூடப்பட்ட கதவுக்குப் பதிலாக வேறு கதவுகள் போதியளவு திறக்கவில்லை.

2020களின் முற்பகுதியிலும் பிரித்தானியாவில் அங்கவீனருள் அரைவாசிக்குச் சற்றே கூடியவர்களே தொழில் புரிந்தனர். ஏனையோருள் ஐவரில் நால்வர் தொழில் புரிந்தனர். தென்கிழக்கு இங்கிலாந்தில் நிலைமை நன்று. வட அயர்லாந்தில் மிக மோசம். வேல்சும் வடகிழக்கும் பின்தங்கியே நின்றன.

எனவே அங்கவீனரின் தொழிலுரிமையைப் பேசுவோர் பிரதேசங்களின் பொருளாதாரத்தையும் பேசியாக வேண்டும். தனி மனிதரைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்குவதோடு சமுதாயத்தின் கடமை தீர்ந்துவிடாது. அவர் வாழும் ஊரில் அவரால் இயலும் தொழிலை உண்டாக்குவதும், அதனை இலாபக் கணக்கின் விருப்புக்கு விட்டுவிடாது காப்பதும் அக்கடமையின் மறுபாதியாகும். அந்த மறுபாதி கைவிடப்பட்டபோது நேர்ந்ததையே தென் வேல்சின் பள்ளத்தாக்குகள் நமக்குச் சொல்லுகின்றன.