படிக்கட்டுப் படத்தின் கதை

கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளையோ பேரனோ வீட்டில் இருந்தால் 'அஜைல்' என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். மென்பொருளை மொத்தமாகச் செய்து முடித்துக் கொடுக்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பகுதியாகச் செய்து, வாடிக்கையாளரிடம் காட்டி, திருத்திக்கொண்டே போகும் முறை அது. என் பேத்தி இதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவளுடைய ஸ்லைடில் இரண்டு படங்கள். வலப்பக்கம் ஒரு வட்டம், அதுதான் அஜைல். இடப்பக்கம் மேலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டு. அது தள்ளுபடியான பழைய முறையாம், பெயர் 'வாட்டர்ஃபால்'. பிரெஞ்சிலும் இதைக் 'காஸ்காத்' என்கிறார்கள். அதுவும் அருவிதான்.

படிக்கட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் 'ராய்ஸ், 1970' என்றிருந்தது. அந்தக் கட்டுரை இணையத்தில் கிடைக்கிறது. உட்கார்ந்து படித்தேன்.

வின்ஸ்டன் ராய்ஸ் அமெரிக்காவில் விண்கலங்களுக்கான மென்பொருள் வேலைகளில் அனுபவப்பட்டவர். தேவையை எழுதுதல், ஆராய்தல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல் என்று ஏழு படிகளை வரைகிறார். வரைந்த கையோடு, இப்படி மட்டும் செய்தால் ஆபத்து, தோல்வியை நாமே அழைப்பதாகும் என்கிறார். காரணமும் சொல்கிறார்: சோதனை கடைசியில்தான் வருகிறது, அதுவரை எல்லாம் காகிதக் கணக்கு, அங்கே தப்பு தெரிந்தால் வடிவமைப்பையே மாற்ற வேண்டிவரும். அதனால் முதலில் சிறிதாக ஒரு முறை செய்து பாருங்கள், வாடிக்கையாளரை ஆரம்பத்திலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். கட்டுரையின் கடைசிப் படத்தில் அம்புகள் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன. பார்த்தாலே கண்ணைக் கட்டுகிறது. அதை யார் எடுத்து வரைவார்கள்? படிக்கட்டு சுலபம், ஊரெல்லாம் அதுதான் போனது.

'வாட்டர்ஃபால்' என்ற சொல்லே அந்தக் கட்டுரையில் இல்லை. 1976-ல் வேறு இருவர் எழுதிய கட்டுரையில்தான் அது வருகிறது. 1985-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மென்பொருள் ஒப்பந்தங்களுக்கு ஒரு விதிமுறை கொண்டுவந்தது. பெரும்பாலும் படிக்கட்டை ஒட்டியே இருந்தது. கூடாது என்று காட்டிய படம் சட்டம் போல ஆகிவிட்டது. 1994-ல்தான் அந்த விதிமுறையை மாற்றினார்கள். நான் இருந்த அலுவலகத்தில் கோப்பில் 'ஆயினும்' என்று தொடங்கும் வரியைத்தான் மேலதிகாரி முதலில் தேடுவார். ராய்ஸின் 'ஆயினும்' படத்துக்கு வெளியே இருந்தது. படத்தைப் பிரதி எடுத்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

அஜைலுக்கும் இதே கதிதான். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். ஆவணங்களைவிட ஓடும் மென்பொருள் மேல், திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்று இப்படி நான்கு ஒப்பீடுகள். கடைசியில், பின்னால் தள்ளியவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று ஒரு வரி. பேத்தியின் ஸ்லைடில் நான்கும் அழகாக இரண்டு பத்தியில் இருந்தன. அந்த வரி இல்லை. ஆவணமே வேண்டாம் என்று வாதாடுகிறவர்கள் இப்படிப்பட்ட ஸ்லைடுகளைப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

வரியைப் படத்துக்குள்ளேயே, பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். இடம் போதாது என்றாள். ஒரு கட்டத்தைச் சிறிதாக்கு என்றேன்.

ராய்ஸ் 1995-ல் காலமானார். மகன் வாக்கர் ராய்ஸும் அதே துறைதான். திரும்பத் திரும்பச் செய்து திருத்தும் முறையைத்தான் அப்பா எப்போதும் ஆதரித்தார் என்று அவர் சொல்லியிருக்கிறார்.