வெயிலில் பார்க்கும் டப்பா

உச்சி வெயிலில் ஒரு லேசர் கருவியை ஓடவிட்டு, அதன் ஒளி எங்கே போகிறது என்று தேடிப் பாருங்கள். கண்ணுக்கு அகப்படாது. தோண்டுகிற பள்ளத்துக்குப் பக்கத்தில் முக்காலி மேல் ஒரு தலை விடாமல் சுற்றுகிறது, அவ்வளவுதான் தெரியும். ஸ்டாஃப் என்னும் அளவுகோலில் மாட்டிய ஒரு சின்ன டப்பா மட்டும் 'பீப், பீப்' என்று கத்தும். ஒளி வந்து சேர்ந்ததை அந்த இடத்தில் அறிந்த ஒரே ஆள் அதுதான். லேசருக்கு உலகமெல்லாம் பேர். டப்பாவுக்கு ஒரு நிலையான பேர்கூடக் கிடையாது. ரிசீவர், டிடெக்டர், சென்சார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். ரிசீவர் என்றே வைத்துக்கொள்வோம்.

லேசர் பிறந்தது ஆய்வுக்கூடத்தில். ரிசீவர் ஆளானது சேற்றில். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் வடமேற்கு மூலை ஒரு காலத்தில் பெரும் சதுப்பு. கறுப்புச் சதுப்பு என்றே அதைச் சொல்வார்கள். மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து, நீரை வடித்து, அதை விளைநிலமாக்கினார்கள். வடிகுழாயின் உயிர் வாட்டத்தில் இருக்கிறது. 100 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம் என்பதெல்லாம் அங்கே சாதாரணம். அத்தனை சின்ன இறக்கத்தில் நடுவே ஓரிடம் தொய்ந்தால் போதும், வண்டல் தங்கி, வரிசையே அடைத்துக்கொள்ளும்.

அந்த வாட்டத்தைப் பிடிக்க 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒகையோக்காரர்கள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வயல் நெடுகக் கம்புகள் நடுவார்கள்; ஒவ்வொன்றிலும், வேண்டிய வாட்டத்துக்கு ஏற்ற உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம். நீராவியில் ஓடும் பள்ளம் தோண்டும் இயந்திரத்தில் ஒரு பார்வைக் கம்பி இருக்கும். ஓட்டுபவர் தன் கம்பியையும் எதிரே தெரியும் சட்டங்களையும் ஒரே கோட்டில் வைத்தபடி, தோண்டும் சக்கரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே போவார். ஒரு நாள் முழுக்க அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் என்னாகும் என்று யோசியுங்கள்.

1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசரை எடுத்தார். அது விட்டுவிட்டு வெட்டும் ஒளி. விடாமல் எரியும் சிவப்பு ஒளி 1962-இல் ஹீலியம்–நியான் வாயுக்குழாயிலிருந்து கிடைத்தது. நேர்க்கோடாகப் போகும், எளிதில் விரியாத ஒளி கைக்கு வந்ததும், கம்பும் சட்டமும் எதற்கு என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

ஒகையோவில் அமெரிக்க வேளாண் துறையின் பொறியாளர் ஜேம்ஸ் ஃபவுஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 1960-களின் நடுவில் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு நெருக்கடியும் இருந்தது. களிமண் குழாய்க்குப் பதிலாக நெளிநெளியான பிளாஸ்டிக் குழாயை, பள்ளமே தோண்டாமல், கலப்பை போன்ற ஒரு கருவியால் மண்ணைப் பிளந்து நேரே உள்ளே செருகப் பார்த்தார்கள். பள்ளம் இல்லையென்றால் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்கவும் இடம் இல்லை. ஆகவே மட்டம் பார்க்கும் கண்ணை இயந்திரத்தின் மேலேயே ஏற்ற வேண்டியதாயிற்று. அதே மாநிலத்தின் டேட்டன் பகுதியில் ராபர்ட் ஸ்டூடபேக்கர் லேசரைச் சுழலவிட்டார். ஒற்றைக் கோடாக இருந்த ஒளி வயல் முழுவதற்கும் மேலே விரித்த ஒரு தட்டையான தளமாயிற்று. இனி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மட்டம். ரைட் சகோதரர்கள் விமானம் செய்த ஊர் டேட்டன். தரையைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

இப்போது டப்பாவைத் திறப்போம். உள்ளே மேலிருந்து கீழாக ஒளி உணரிகள் வரிசையாக இருக்கும். மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் சம ஒளி விழுந்தால் மட்டம் சரி. பெரும்பாலான ரிசீவர்களில், டப்பா உயரத்தில் இருந்தால் வேகமான பீப், தாழ்ந்தால் நிதானமான பீப், சரியாக வந்தால் அறுபடாத ஓர் ஓசை. இதில் கஷ்டம் சூரியன்தான். அதன் ஒளிக்கு முன்னால் லேசர் எம்மாத்திரம்? ஆனால் சூரியன் சீராக அடிக்கிறது. சுழலும் லேசரோ, நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்குப் பத்து முறை சுருக்கென்று வெட்டிப் போகிறது. டப்பா சீரான வெளிச்சத்தைத் தள்ளிவிட்டு அந்த வெட்டை மட்டும் பிடிக்கிறது. அந்தக் கெட்டிக்காரத்தனமே அதற்கு வினையும் ஆகிறது. வண்டியின் கூரையில் பளிச் பளிச்சென்று மின்னும் எச்சரிக்கை விளக்கைக்கூட லேசர் என்று நம்பிவிடும். பக்கத்தில் நிற்கும் லாரியின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் அப்படித்தான் ஏமாற்றும். பின்னால் வந்த ரிசீவர்கள் இந்த மின்னலை ஒதுக்கக் கற்றுக்கொண்டன. முக்காலியை யாராவது காலால் தட்டிவிட்டால் மட்டும் டப்பாவால் ஒன்றும் செய்ய முடியாது. அதை லேசர்தான் உணர்ந்து நிற்க வேண்டும்.

பொக்லைன் மேல் ஏறியபோதுதான் டப்பாவின் வாழ்க்கை உண்மையில் சிக்கலானது. (பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர், நம் ஊரில் மண் தோண்டும் வண்டிக்கே அதுதான் பெயர்.) தரையைச் செதுக்கும் பிளேடு உள்ள இயந்திரங்களில் ஒரு கம்பத்தை நிமிர்த்தி நட்டு அதன் உச்சியில் டப்பாவை வைத்தால் போதும். பொக்லைனில் பூம் என்ற பெருங்கை மடங்கும், ஸ்டிக் என்ற முன்கை சாயும், பக்கெட் சுருளும். வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒளி படவேண்டுமே என்று 360 டிகிரியும் பார்க்கும் ரிசீவரை ஸ்டிக்கில் மாட்டினார்கள். ஆனால் ஸ்டிக் செங்குத்தாக நின்றால்தான் அது சொல்வது நிஜம். டப்பாவுக்கும் பக்கெட் பல்லுக்கும் 3 மீட்டர் இடைவெளி என்று வைத்து, ஸ்டிக் 10 டிகிரி சாய்ந்தால் பல் நாம் நினைத்ததைவிட நாலரை செ.மீ. மேலே இருக்கும். டப்பா 'சரி' என்று ஒலிக்கும். பள்ளம் நாலரை செ.மீ. குறையும். 10 மீட்டருக்கு 10 செ.மீ. வாட்டம் கேட்கும் கழிவுநீர்க் குழாய்க்கு அது சின்னப் பிழை இல்லை. அதனால்தான் பிற்பாடு சில ரிசீவர்களுக்குள் சாய்வை அறியும் உணரியையும் வைத்தார்கள். ஸ்டிக் நேரானதும் ஒரு விளக்கு எரியும், அப்போது பார்த்தால் போதும்.

இத்தனை தொந்தரவு ஏன் என்று கேட்கலாம். ஸ்டாஃபோடு பள்ளத்தில் இறங்கும் ஆளுக்காக. ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் எடை. சரிந்தால் ஓட நேரம் இருக்காது. தலைக்கு மேலே பக்கெட் வேறு. ஒவ்வொரு முறை மட்டம் பார்க்கவும் ஒருவர் இறங்கி ஏறவேண்டியிருந்த வேலையில், கேபினுக்குள் உட்கார்ந்தபடியே ஆபரேட்டர் டப்பாவின் அம்புக்குறி விளக்கைப் பார்த்துத் தோண்டலாம் என்றானது சாதாரண மாற்றம் இல்லை. நேரம் மிச்சம் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம்.

செயற்கைக்கோள் வழிகாட்டி வந்தபோது டப்பாவின் கதை முடிந்தது என்று பலர் எண்ணியிருக்கலாம். கிடைத்தளத்தில் அந்த வழிகாட்டி கெட்டிதான்; உயரத்தில் ஒன்றிரண்டு செ.மீ. ஆடும். சுழல் லேசர் 30 மீட்டர் தூரத்தில் சில மி.மீ.க்குள் நிற்கும். கடைசியில் டாப்கான் நிறுவனம் செயற்கைக்கோள் கருவியோடு லேசர் ரிசீவரையும் சேர்த்தே விற்றது. கிடைக்கு வானம், உயரத்துக்கு ஒளி.

ஆழம் மட்டும் இன்னும் டப்பாவுக்கு ஆகாது. லேசர் தரைக்கு மேலே சுற்றுகிறது. 4 மீட்டர் ஆழக் கழிவுநீர்ப் பள்ளத்தில் ஸ்டிக் இறங்கும்போது டப்பாவும் சேர்ந்து ஒளித்தளத்துக்குக் கீழே போய்விடும். விளக்கு அணைந்துவிடும், ஓசையும் நின்றுவிடும். அப்போது சுவர் சரியாமல் பலகை முட்டுக் கொடுத்து, நீண்ட ஸ்டாஃபைக் கீழே இறக்கி, அதன் உச்சியில் கையடக்கமான இன்னொரு டப்பாவை மாட்டி, மேலே நிற்பவர் ஆபரேட்டருக்குக் கையைக் காட்டுவார்: இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்.