நாடகத் தெருவின் வாசலில்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஒரு தெரு இருக்கிறது. கார்லோ ரோஸி என்ற கட்டடச் சிற்பி அதைக் கணக்குப் போட்டுக் கட்டினார். தெருவின் அகலம் 22 மீட்டர். இரு பக்கத்துக் கட்டடங்களின் உயரமும் 22 மீட்டர். நீளம் அதைப்போலப் பத்து மடங்கு. ஜார் மன்னர்கள் காலத்தில் அதற்கு நாடகத் தெரு என்று பெயர். பிற்பாடு, கட்டியவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள். 1836 முதல் அங்கே ஒரு பாலே நடனப் பள்ளி நடந்து வருகிறது. பாவ்லோவா, கர்ஸாவினா, நிஜின்ஸ்கி, பாலன்ஷின் எல்லோரும் அந்தப் பள்ளியின் பிள்ளைகள்.

இவர்களில் அன்னா பாவ்லோவா நமக்கும் கொஞ்சம் சொந்தம். ருக்மிணி தேவிக்கு நடனத்தில் ஆசையை மூட்டி, உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்று சொன்னவர் அவர்தான். இந்த நட்சத்திரங்களைப் பற்றிப் பிறர் எழுதிய புத்தகங்களும் உண்டு. அவர்களே எழுதிய நினைவுகளும் உண்டு. அவற்றைப் படிக்கும்போது என் கண் மேடையில் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய்விடுகிறது. பத்து வயதுக் குழந்தையை அந்த வாசலுக்குள் அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பிய தாயும் தகப்பனும் வழியெல்லாம் என்ன நினைத்திருப்பார்கள்? கதை எழுதிப் பழகியவனுக்கு இது ஒரு கெட்ட வழக்கம். சரித்திரம் அவர்களைப் பற்றி நாலைந்து வரிகள்தான் சொல்கிறது. அந்த வரிகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பள்ளி ஆரம்பித்தது 1738-ஆம் வருஷம். அன்னா மகாராணியின் உத்தரவின் பேரில், லாந்தே என்ற பிரெஞ்சு நடன ஆசிரியர் பன்னிரண்டு சிறுவர்களுக்கும் பன்னிரண்டு சிறுமிகளுக்கும் அரண்மனை அறைகளிலேயே பாடம் தொடங்கினார். அத்தனை பேரும் அரண்மனை ஊழியர்களின் குழந்தைகள். மகாராணி குழந்தையைக் கேட்டால் ஊழியன் என்ன பதில் சொல்லிவிடப் போகிறான்?

நூற்றைம்பது வருஷம் கழித்து நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. பெற்றோர்களே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து பரீட்சைக்கு நின்றார்கள். காரணம் புரியாததல்ல. உள்ளே தங்கிப் படிக்கத் தேர்வான பிள்ளைக்குச் சாப்பாடு, துணி, படுக்கை, படிப்பு எல்லாம் சர்க்கார் செலவு. படித்து முடித்தால் அரசாங்க நாடக சபையில் உத்தியோகம். இருபது வருஷம் ஆடினால் பென்ஷன். 'சர்க்கார் வேலை, பென்ஷன் உண்டு' என்ற சொற்களுக்கு நம் வீடுகளில் என்ன மரியாதை உண்டோ அதே மரியாதை அங்கேயும் உண்டு!

ஆனால் இந்த உத்தியோகத்துக்குப் பதினெட்டு வயதில் மனுப் போட முடியாது. பாலே நடனத்துக்கு இடுப்பிலிருந்து கால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். எலும்பு முற்றிய பிறகு அது வராது. ஆகவே ஒன்பது பத்து வயதிலேயே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாக வேண்டும். வைத்தியர்கள் முதுகெலும்பையும் மூட்டையும் இருதயத்தையும் சோதித்துப் பார்ப்பார்கள். அதில் தேறினாலும் முதல் வருஷம் பரீட்சார்த்தம்தான். தேறாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உள்ளே தங்கியவர்களின் நாள் எப்படிப் போயிற்று என்று பாவ்லோவா எழுதியிருக்கிறார். காலை எட்டு மணிக்குப் பெரிய மணி அடிக்கும். பச்சைத் தண்ணீரில் கை கால் முகம் கழுவ வேண்டும். பிறகு பிரார்த்தனை, தேநீர், ரொட்டி, அதன்பின் நடனப் பாடம். மத்தியானத்துக்கு மேல் எழுத்துப் பாடங்கள். இரவு ஒன்பது மணிக்குப் படுக்கை. சிறுவர்களும் சிறுமிகளும் ஒருவரோடொருவர் பேசக்கூடாது. நாடகத்தில் தலைகாட்டும் நாட்களில், மூடிய வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய் மூடிய வண்டிகளிலேயே திருப்பிக்கொண்டு வருவார்கள். அதை ஒரு கன்னியர் மடத்துக்கு ஒப்பிடுகிறார் அவர்.

பாவ்லோவாவின் தாயார் துணி வெளுத்துப் பிழைத்தவர். 1890-ல் மேரின்ஸ்கி தியேட்டரில் 'தூங்கும் அழகி' புதிதாக மேடையேறியிருந்தது. அந்த ஏழைத் தாய், எப்படியோ காசு சேர்த்து மகளை அதற்கு அழைத்துப் போனார். திரும்பி வந்த மகள், தானும் அப்படி ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தாயார் முதலில் சிரித்தார். பிறகு தமக்குத் தெரிந்த பெரிய ஆயுதத்தை எடுத்தார். நடனக்காரியாக வேண்டுமானால் அம்மாவை விட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார். உன்னை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை, ஆனால் நடனக்காரியாவதற்கு அதுதான் வழி என்றால் போகத்தான் வேண்டும் என்று குழந்தை பதில் சொல்லிவிட்டது.

அந்தப் பதிலைக் கேட்ட தாயின் முகத்தை நான் பல தடவை கற்பனை செய்து பார்த்ததுண்டு. பள்ளியிலோ, வயது போதாது, பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வளர்ந்தால் மறந்துவிடுவாள் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கலாம். மகள் மறக்கவில்லை. 1891-ல், பத்து வயதில், உள்ளே போய்விட்டாள்.

தமாரா கர்ஸாவினாவின் வீட்டுக் கதை வேறு. அவருடைய தகப்பனார் பிளாட்டன் கர்ஸாவின் அதே பள்ளியில் பயின்று அதே மேடையில் ஆடியவர். திரைக்குப் பின்னால் நடக்கும் சூதும் பொறாமையும் அவருக்கு அத்துபடி. 'என் பெண்ணுக்கு இது வேண்டாம்' என்றார். தாயார், ஒரு பெண்பிள்ளைக்கு இதைவிட நல்ல தொழில் எது என்று நினைத்தார். கணவருக்குத் தெரியாமல், ஓய்வு பெற்ற ஒரு நடனக்காரியிடம் மகளைப் பாடத்துக்கு அனுப்பிவைத்தார். சில மாதங்கள் கழித்து விஷயம் வெளிப்பட்டபோது தகப்பனார் பெரிய ரகளை எதுவும் செய்யவில்லை. தாமே வாத்தியாராகிவிட்டார்! தம்மிடம் படித்தவர்களிலேயே சொந்த மகளிடம்தான் அவர் அதிகக் கண்டிப்புக் காட்டினாராம்.

1894-ல் மகள் பள்ளியில் சேர்ந்தாள். பின்னால் தகப்பனாரின் வேலை போய்க் குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. 1902-ல், பதினேழு வயதிலேயே, அந்தப் பெண் மேடையேறிச் சம்பளம் வாங்கத் தொடங்கியது. வேண்டாம் என்ற தகப்பனாரின் வீட்டில் அந்தச் சம்பளத்தால்தான் அடுப்பு எரிந்திருக்க வேண்டும். எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எலியனோரா நிஜின்ஸ்கியின் நிலைமையில் ஆசைக்கும் இடமில்லை, தர்க்கத்துக்கும் இடமில்லை. அந்த அம்மாள் போலந்துக்காரி. அநாதையாக வளர்ந்து, வார்ஸா நடனப் பள்ளியில் படித்து, ஊர் ஊராகப் போய் ஆடியவர். கணவரும் நடனக்காரர்தான். 1897 வாக்கில் அவர் வேறொருத்தியோடு போய்விட்டார். அம்மாள் மூன்று குழந்தைகளோடு பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். மூத்தவன் ஸ்தானிஸ்லாவ் சின்ன வயதில் ஜன்னலிலிருந்து விழுந்தவன்; அதன் பிறகு அவன் புத்தி வளரவில்லை. நடுப்பிள்ளை வாஸ்லாவை 1898-ல் பள்ளியில் சேர்த்தார். இரண்டு வருஷம் கழித்து அவன் உள்ளேயே தங்க இடம் கிடைத்தது. அதே 1900-ல் மகள் புரோனிஸ்லாவாவும் பள்ளிக்குத் தேர்வானாள்.

சர்க்கார் சோறு கிடைத்தது. பள்ளிக்கூடம் அன்பும் காட்ட வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. வாஸ்லாவின் போலிஷ் உச்சரிப்பையும் சாய்ந்த கண்களையும் சொல்லிப் பையன்கள் பரிகாசம் செய்தார்கள். அவன் எல்லோரையும்விட உயரத் தாவினான். அது வேறு அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1901-ல் ஒரு நாள், தாண்டு பார்க்கலாம் என்று தூண்டிவிட்டு, அவன் தாண்டும்போது வேண்டுமென்றே விழும்படி செய்துவிட்டார்கள். தலையில் பலத்த அடி. நான்கு நாட்கள் நினைவு திரும்பவில்லை.

ஏற்கெனவே ஒரு பிள்ளை விழுந்து புத்தி இழந்த தாய்க்கு அந்த நான்கு நாட்கள் எப்படிப் போயிருக்கும்? அதை எழுதும் சக்தி எனக்கில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். பல மாதம் படுத்திருந்துவிட்டுத் திரும்பவும் அதே பள்ளிக்குப் போனான். வீட்டுக்கு அழைத்து வந்து என்ன செய்வது? பிறகு, தெருவில் போகிறவர்களின் தொப்பிகளைக் கவணால் அடித்த ஒரு கும்பலில் அவனும் சேர்ந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பிரம்படி கொடுத்து, வீட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவனாகச் சேர்த்துக்கொண்டு, ஒரு மாதம் பார்த்த பிறகே பழைய இடத்தைத் திருப்பித் தந்தார்கள். நமக்கு இது வேடிக்கைக் கதை. அந்த ஒரு மாதமும் எலியனோராவுக்கு வேடிக்கையாக இருந்திருக்காது.

1907-ல் படிப்பு முடிந்தது. 1909-ல் பாரீஸ் நகரமே அவன் தாவலைப் பார்த்து வாய் பிளந்தது. பத்தே வருஷத்தில், 1919-ல், அந்த மகனின் மனமும் கலங்கிவிட்டது. அவர் இறந்தது 1950-ல். தாயார் 1932-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் எழுதிவைத்த நினைவுகள் 1981-ல் புத்தகமாக வெளிவந்தன. அந்தத் தாயை நாம் இவ்வளவாவது அறிய அந்த மகளே காரணம்.

கடைசியாக ஒரு தாய். 1913-ல் மரியா பாலன்சிவாட்ஸே தம் மகள் தமாராவைப் பரீட்சைக்காக அழைத்துக்கொண்டு நாடகத் தெருவுக்கு வந்தார். ஒன்பது வயது மகன் ஜார்ஜியும் கூட வந்திருந்தான். அவனைக் கடற்படைப் பள்ளியில் சேர்க்கத்தான் எண்ணம். அங்கே இடம் கிடைக்கவில்லை. வந்ததுதான் வந்தீர்கள், பையனையும் ஆடச் சொல்லிப் பார்க்கலாமே என்றார்கள். பெண் தேறவில்லை, பையன் தேறிவிட்டான். அன்றைக்கே அவனை அங்கே விட்டுவிட்டுத் தாயும் மகளும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

காலையில் அக்காவுக்குத் துணையாக வந்த பையன். மாலையில் முன்பின் தெரியாத பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறான். அவன் செய்த முதல் காரியம், பள்ளியை விட்டு ஓடியதுதான். நகரத்திலிருந்த அத்தை வீட்டுக்கு ஓடினான். அத்தை திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். வெகு நாள் அவனுக்கு நடனத்தின் மேல் வெறுப்பே இருந்தது. ஒரு நாள் 'தூங்கும் அழகி'யில் சின்ன வேஷம் கட்டி மேடைக்குப் போனான். விளக்கும் வாத்திய சங்கீதமும் சேர்ந்து வந்து அடித்ததும் மனம் மாறிவிட்டது. பாவ்லோவாவை இழுத்த அதே நாடகம்!

புரட்சி வந்தது. பெற்றோர் தகப்பனாரின் சொந்த நாடான ஜார்ஜியாவுக்குப் போனார்கள். பையன் பள்ளியில் தங்கினான், பசியிலும் குளிரிலும் படித்தான். 1924-ல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் ஜார்ஜ் பாலன்ஷின் என்ற பெயரோடு உலகப் புகழ் பெற்றார். 1937-ல் தகப்பனார் காலமானார். 1959-ல் தாயார். 1962-ல் பாலன்ஷின் தம் நியூயார்க் குழுவோடு சோவியத் நாட்டுக்கு வந்தபோது, வரவேற்கத் தம்பி இருந்தார். பெற்றோர் ஜார்ஜியாவுக்குப் போன நாளுக்குப் பிறகு, தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

மரியா செய்தது தவறா? அவர் அப்படிச் செய்யாதிருந்தால் நடன உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும் என்று புத்தகங்கள் சொல்லும். சரிதான். ஆனால் நடன உலகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எந்தத் தாயும் பிள்ளையை விடுதியில் விடுவதில்லை. இவன் நாளைக்கு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைப்பு. பத்து வயதில் அதைத் தீர்மானிப்பது குழந்தையா, தாயா, வறுமையா, அல்லது அன்றைக்கு அந்தப் பக்கம் போன தற்செயலா? நான்கு வீடுகளிலும் நான்கு விதமாக விடை கிடைக்கிறது. நால்வரும் புகழ் பெற்றார்கள் என்பதால் அவர்களுடைய பெற்றோரை நமக்குத் தெரிகிறது. முதல் வருஷத்தோடு திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும் அதே தெருவில்தான் நடந்து போனார்கள்.

அந்தப் பள்ளி, அங்கேயே படித்து அங்கேயே பாடம் சொன்ன வாகனோவா அம்மையாரின் பெயரோடு இன்றும் அதே தெருவில் நடக்கிறது. இன்றும் பத்து வயதுப் பிள்ளைகளை அங்கே அழைத்து வருகிறார்கள். உள்ளே போகும் குழந்தைக்குப் புது இடம், புதுத் துணி, புது நண்பர்கள் என்று ஆயிரம் இருக்கும். திரும்பி நடக்கிற தாய்க்கு 220 மீட்டர் நீளமுள்ள ஒரு தெருதான் இருக்கிறது.