கருவறையில் தொடங்கும் மனநலம்: பரம்பரையையும் தாயையும் மட்டும் குற்றம் சொல்லலாமா?

"அவங்க குடும்பத்துல அது இருக்கு." திருமணப் பேச்சின்போது மெல்லிய குரலில் சொல்லப்படும் இந்த ஒரு வார்த்தை எத்தனையோ சம்பந்தங்களை முறித்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் போதும், அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் மீதும் முத்திரை விழுந்துவிடும். பரம்பரை கிடைக்காவிட்டால் பெற்ற உம்மா குற்றவாளியாகிறாள். மனநோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் கதை அத்துடன் முடிவதில்லை.

நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. ஆனாலும் மூளை செல் வேறு, கல்லீரல் செல் வேறு. எந்த மரபணு எங்கே வாசிக்கப்பட வேண்டும், எது மூடிக் கிடக்க வேண்டும் என்று காட்டும் இரசாயனக் குறிகளே இதற்குக் காரணம். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதில் புரியும். கிதாபின் மூல வாசகம் மாறாது. ஓரத்தில் உஸ்தாத் பென்சிலால் போடும் குறிதான் எதை ஓதுவது, எதை விடுவது என்று சொல்லும். மெத்தில் என்ற சிறு மூலக்கூறு ஒட்டிக்கொள்வது அத்தகைய ஒரு குறி. இந்தத் துறையின் பெயர் எபிஜெனடிக்ஸ். 1942-ல் இச்சொல்லை உருவாக்கியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன்.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் படைகள் உணவு வரத்தைத் தடுத்ததால் மேற்கு நெதர்லாந்து பட்டினியில் தவித்தது. ஒருவருக்குக் கிடைத்த ரேஷன் நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பஞ்சத்தின் உச்சத்தில் கருவான பிள்ளைகள் வளர்ந்தபோது, அவர்களிடையே ஸ்கிசோஃப்ரினியா மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு காணப்பட்டது. (இரு மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். அது அரிதான நோய்; அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வரவில்லை.) 2008-ல் இன்னொரு செய்தி வந்தது. பஞ்ச காலத்தில் கருவானவர்களையும் அதற்கு முன்போ பின்போ பிறந்த அவர்களுடைய உடன்பிறப்புகளையும் ஒப்பிட்டபோது, வளர்ச்சி தொடர்பான ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவில் மெத்தில் குறிகள் குறைந்திருந்தன. அதுவும் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு! ஆனால் இந்தக் குறிதான் அந்த நோயைக் கொண்டுவந்தது என்று நிரூபிக்கப்படவில்லை.

பிறந்த பிறகும் குறிகள் மாறுகின்றன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் எலிகளைக் கவனித்தனர். தாய் அதிகம் நக்கிக் கொடுத்து வளர்த்த குட்டிகள் பதற்றம் குறைந்து வளர்ந்தன. மன அழுத்த ஹார்மோனை அடக்க உதவும் மரபணு அவற்றின் மூளையில் நன்கு திறந்திருந்தது. அக்கறை குறைந்த தாயின் குட்டியை அக்கறையுள்ள தாயிடம் மாற்றி விட்டபோது, அது வளர்த்தவளின் குட்டியைப் போலவே ஆனது. 2004-ல் வெளியான இந்த ஆய்வு பரம்பரை வாதத்தை நன்றாகவே அசைத்தது.

மனிதர்களில் விஷயம் இவ்வளவு எளிதல்ல. உயிரோடிருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. இரத்தத்திலும் எச்சிலிலும்தான் தேடுகிறார்கள். அந்தக் குறிகள் மூளையிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எனவே "உங்கள் குழந்தையின் எபிஜெனடிக் பரிசோதனை" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி, தாய் எலியின் கதையைக் கேட்டு மருமகளைக் குறை சொல்லக் கிளம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. நெதர்லாந்துத் தாய்மார்கள் விரும்பிப் பட்டினி கிடக்கவில்லை. கர்ப்பிணியின் தட்டில் என்ன இருக்கிறது, அவள் எத்தனை மணி நேரம் தூங்குகிறாள், வீட்டில் யார் யார் அவளிடம் கத்துகிறார்கள் என்பதெல்லாம் கணவனும் மாமியாரும் சேர்ந்து தீர்மானிப்பவை.

காலம் கடந்துவிட்டதோ என்று கவலைப்படுவோருக்கு ருமேனியாவின் புக்கரெஸ்ட் ஆய்வைச் சொல்லலாம். அரசு விடுதிகளில் கவனிப்பாரின்றிக் கிடந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தனர். குடும்பத்துக்குப் போனவர்களிடம் பின்னாளில் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. இரண்டு வயதுக்குள் போனவர்கள் அறிவு வளர்ச்சியில் கூடுதலாக முன்னேறினார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு ஒரு பெண் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதுகொண்டே இருந்தால், பிள்ளையைத் தூக்க மனமின்றி ஒதுங்கினால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். ஓதிப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் அழைத்து வருபவர்களிடம் மருத்துவரையும் பாருங்கள் என்றே சொல்கிறேன். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.