பாறை, பரல், பார்

ரகரம் வேறு, றகரம் வேறு. ஆகவே பாறைக்கும் முத்துக் குளிக்கும் பாருக்கும் உறவில்லை என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் கருமையும் கறுப்பும் எப்படி உறவாயின? முரிதலும் முறிதலும்? எழுத்தைக் காட்டி வேரை அறுக்க முடியாது.

பொருநைக் கரைக்காரனுக்கு இதில் ஐயமே எழாது. பொதிகையில் இருப்பது பாறை. பண்டைக் களிமண்ணும் மணலும் ஆழத்தில் புதைந்து, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து நெருக்குண்டு, கார்னெட் மணிகள் பதிந்த வரிப்பாறையாயின. தாழையூத்தில் சிமென்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அவ்வாறே வெந்து பரும்படிகமாக மாறியதுதான். அந்தப் பாறையை வெயிலும் மழையும் உடைக்க, ஆறு உருட்டிக் கொண்டுவருவது பரல்.

பரலைப் பாலைத்திணை படித்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கோவலன் வழக்கைத் தீர்த்ததும் பரலே: அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அந்த முத்துக்குப் பேர்போன துறை கொற்கை, இதே ஆற்றின் முகத்தில் இருந்த ஊர். முத்து விளைந்த இடம் பார்.

பார் என்பது வெறும் கடலடி அன்று. மணலும் சிப்பித் தூளும் சுண்ணத்தால் இறுகிக் கல்லான திட்டு அது. பற்றிக்கொள்ள வன்தரை இருந்தால்தான் சிப்பி தங்கும். 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த தூத்துக்குடிக் கடலில் தோலாயிரம் பார் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மணப்பாட்டுக் குன்றும் திருச்செந்தூர் வள்ளி குகையும் கரையில் இறுகிய மணற்கல்லே. பாறை பரலாகி, பரல் மணலாகி, மணல் மறுபடி பாராகிறது.

‘பர’ என்ற விரிதல் வேரிலிருந்து பார் வந்தது என்பாரும் உண்டு. உலகைக் குறிக்கும் பாருக்கு அது பொருந்தலாம். சிலம்புக்குள் அடங்கும் பரலில் என்ன விரிவு இருக்கிறது? இங்கே வேர்ப்பொருள் வன்மை. கல்லைப் பெயர்க்கும் கடப்பாரையின் ‘பாரை’யையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்ப்பேன், அங்கே இடையின ரகரம் நிற்பதையும் எதிர்த்தரப்பார் கவனிக்கட்டும்.

இனி எழுதப்படும் வேர்ச்சொல் அகராதி எதுவாயினும் பாறை, பரல், பார் மூன்றையும் ஒரே வேரின்கீழ் வைக்க வேண்டும் என்பதே என் துணிபு.