களையல்ல, பூச்செடி: வீட்டுத் தோட்டத்தில் செண்டுடுக்

பால்மரக் காட்டிலும் செம்பனை ஓரத்திலும் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும் செண்டுடுக் செடியைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் பழத்தைத் தின்று நாக்கு கருத்துப்போனதும் பலருக்கு நினைவிருக்கும். மெலாஸ்டோமா என்னும் தாவரவியல் பெயருக்கே கிரேக்க மொழியில் 'கரிய வாய்' என்றுதான் பொருள். தோட்ட வேலையில் இது களை. வீட்டு வாசலிலோ ஆண்டு முழுவதும் பூக்கும் அழகுச் செடி.

இதைச் 'சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான்' என்றும் அழைப்பார்கள். ஆனால் இது ரோடோடென்ட்ரான், அசேலியா குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. கடையில் வாங்கும் அசேலியாவுக்குக் கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடமே ஏற்றது. செண்டுடுக் நம் தாழ்நில வெயிலுக்கும் மழைக்கும் பழகிய செடி.

அடையாளம்

இலையில் நீளவாக்கில் தடித்த நரம்புகள் ஓடும், தொட்டால் சொரசொரக்கும். பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து ஊதா இதழ்கள். சிறிய வெள்ளைப் பூவும் தண்டு நிறைய நீண்ட முடியும் இருந்தால் அது 'செண்டுடுக் புலு'. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து காட்டில் பரவிவிட்ட அந்தச் செடியை வீட்டில் வளர்க்க வேண்டாம்.

நடும் முறை

நன்றாக வெயில் படும் இடம் வேண்டும். அமிலத்தன்மையுள்ள செம்மண்ணே போதும். சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் போடக் கூடாது. அதிகம் முற்றாத கிளையை 10 முதல் 15 செண்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, அடி இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வைக்கலாம். வேர் பிடிக்கும் வரை ஈரம் காயக் கூடாது. விதை மிகப் பொடியானது. ஆழப் புதைக்காமல் மண்மேல் தூவினால் போதும்.

சிங்கப்பூரில் பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் செடி பறிப்பது சட்டப்படி குற்றம். தெரிந்தவர் வீட்டுச் செடியில் கிளை கேட்டு வாங்குவதே நல்லது.

பராமரிப்பு

வெட்டாமல் விட்டால் 3 மீட்டர் வரை உயரும். பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கத்தரித்தால் புதர் அடர்ந்து வரும். ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும். ஆனால் மறுநாள் வேறு மொட்டு விரியும். கருவண்டுகள் மகரந்தம் தேடி வரும். பழத்துக்குப் பூக்கொத்திக் குருவிகள் வரும். பறவை எச்சத்தில் முளைக்கும் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

இலையைக் கைவைத்தியத்துக்குக் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. மண்ணிலுள்ள அலுமினியத்தை இலையில் சேர்த்து வைக்கும் செடி இது. மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.